கைவந்த கலையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

மும்பை வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பிறவித் திறமை, அநாயாசமாகச் செய்வது, கைராசி, கேள்வி ஞானம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது எந்தத் தொடர் பொருந்தும், எது காலை வாரிவிடும் என்று கேட்டிருக்கிறார்கள். பதில்களுக்குள் போகுமுன் ஒரு பாகுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடர்களில் சில, ஆள் பிறவியிலேயே அப்படி என்கின்றன. சில, பழகிப் பழகி அப்படி ஆனார் என்கின்றன. இன்னும் சில ஆளைப் பற்றியே பேசுவதில்லை, வேலை சுலபமானது என்று மட்டும் சொல்கின்றன. ஒன்றைச் சொல்ல நினைத்து இன்னொன்றைச் சொல்லிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

கேள்வி: மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். மலரில் அவளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். 'ஷீ இஸ் நேச்சுரல் இன் டான்ஸ்' என்று எழுதினேன். ஏதோ இடிக்கிறது என்கிறாள் தோழி. எங்கே இடிக்கிறது? (செம்பூர் வாசகி)

பதில்: இடிப்பது ஒரே ஓர் எழுத்து. 'ஷீ இஸ் எ நேச்சுரல்' என்றால் பிறவியிலேயே அந்தக் கலை அமைந்தவள் என்று பொருள். அந்த 'எ' விழுந்துவிட்டால் 'ஷீ இஸ் நேச்சுரல்', அதாவது பகட்டில்லாதவள், செயற்கைத்தனம் இல்லாதவள். இரண்டும் பாராட்டுதான், ஆனால் வேறு வேறு பாராட்டு. 'எ' வரும்போது 'நேச்சுரல்' பெயர்ச்சொல், இல்லாதபோது உரிச்சொல். தமிழில் இப்படி ஒரு முன்னொட்டுக்கு வேலையே இல்லாததால் நம் காதுக்கு அது விடுபட்டது தெரிவதில்லை. 'எ பார்ன் டான்சர்', 'எ நேச்சுரல் டான்சர்' என்று எழுதினாலும் 'எ' கட்டாயம் வேண்டும்.

அடுத்து, 'இன் டான்ஸ்' என்பதை 'அட்' என்று மாற்றுங்கள். 'ஷீ இஸ் எ நேச்சுரல் அட் அபிநயா' என்றால் சரியாக இருக்கும்.

ஆனால் அரங்கேற்ற மலர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த மலரை அவளுடைய குருவும் படிப்பார். வருடக்கணக்காக அடவு அடவாகச் சொல்லிக்கொடுத்தவர் முன்னால் 'இவளுக்கு எல்லாம் பிறவியிலேயே வந்தது' என்று மட்டும் எழுதினால், அவர் உழைப்பும் மகளின் உழைப்பும் காணாமல் போய்விடும். இப்படிப் பிரித்து எழுதலாம்: 'அபிநயா கேம் நேச்சுரலி டு ஹர், தி ஃபுட்வொர்க் ஷீ ஹேட் டு எர்ன்.' அபிநயம் தானாக வந்தது, அடவு உழைத்துச் சம்பாதித்தது. முதல் பாதியில் 'டு ஹர்' என்பதை விட்டுவிடாதீர்கள். யாருக்கு வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அந்தத் தொடர் அந்தரத்தில் நிற்கும்.

கேள்வி: 'கேள்வி ஞானம்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ப்ளே பை இயர்' சரியா? எங்கள் குடியிருப்புச் செய்திமடலுக்குக் கச்சேரி விமர்சனம் எழுதுகிறேன். (மாட்டுங்கா வாசகர்)

பதில்: பாதி சரி. 'ஹி ப்ளேஸ் பை இயர்' என்றால் நொட்டேஷன் பார்க்காமல், கேட்டதை அப்படியே வாசிப்பவர் என்று பொருள். மேற்கத்திய இசையில் தாளைப் பார்த்து வாசிப்பதே வழக்கம் என்பதால் இது தனியாகச் சொல்லவேண்டிய திறமை ஆகிறது. நம் கச்சேரி மேடையில் பொதுவாக நொட்டேஷன் தாளை வைத்து வாசிப்பதில்லை. அங்கே ஒரு வித்வானைப் பற்றி 'ப்ளேஸ் பை இயர்' என்று எழுதினால், முறையாகக் கற்காதவர் என்ற தொனியும் ஒட்டிக்கொள்ளும். கேள்வி ஞானம் அப்படிப்பட்டதல்ல. பெரியவர்கள் பாடக் கேட்டுக் கேட்டு ராகத்தின் போக்கு, பிடிகள், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அதற்குத் தேய்ந்த தொடரைத் தேடாமல், நேராகவே எழுதலாம்: 'ஷீ லேர்ன்ட் மச் ஆஃப் ஹர் மியூசிக் பை லிசனிங்.' நுட்பமான காது உள்ளவர் என்றால் 'ஷீ ஹேஸ் எ ஃபைன் இயர்' போதும். இதற்கு எதிர்ப்பதம் 'டின் இயர்', தகரக் காது. அது ஸ்ருதி தெரியாதவருக்கும் பொருந்தும், சூழ்நிலை புரியாமல் பேசுகிறவருக்கும் பொருந்தும்.

நடுவில் ஒரு 'இட்' சேர்ந்தால் கதையே மாறிவிடும். 'வீல் ப்ளே இட் பை இயர்' என்றால் இப்போதைக்குத் திட்டம் ஏதும் இல்லை, போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். இது இசையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட தொடர். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்பதற்கு இதைச் சொல்லலாம். பணம் கொடுக்கப்போகும் வாடிக்கையாளரிடம் சொன்னால் இவர்களிடம் திட்டமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

விமர்சனத்தில் இன்னொரு தொடரையும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். ஸ்ருதி சுத்தமாகப் பாடுவதை 'பெர்ஃபெக்ட் பிட்ச்' என்று பலர் எழுதுகிறார்கள். அது வேறு. எந்தத் துணையும் இல்லாமல் ஒரு ஒலியைக் கேட்டதும் அது பியானோவில் எந்தக் கட்டை என்று பெயர் சொல்லிவிடும் திறமைக்குத்தான் அந்தப் பெயர். கர்நாடக இசையில் பாடகர் தமக்கு ஏற்ற கட்டையை ஆதார ஸ்ருதியாக வைத்துக்கொள்கிறார், மற்ற ஸ்வரங்கள் அதிலிருந்து அளக்கப்படுகின்றன. ஆகவே நல்ல பாடகருக்கு அந்தத் திறமை இருக்கவேண்டிய அவசியமே இல்லை. 'ஹர் பிட்ச் வாஸ் ஸ்டெடி த்ரூஅவுட்' என்று எழுதினால் நீங்கள் கேட்டதை எழுதியதாக இருக்கும்.

கேள்வி: ஜிஎஸ்டி கணக்குகளில் அனுபவம் இருக்கிறது. அடுத்த வாரம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் இன்டர்வியூ. 'ஐ கேன் டூ இட் இன் மை ஸ்லீப்' என்று சொல்லலாமா? நம்பிக்கையாகத் தெரியுமல்லவா? (சயான் வாசகர்)

பதில்: வேண்டாம். தமிழில் 'தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்' என்கிறோம், அது முழுப் பாராட்டு. ஆங்கிலத் தொடரில் இன்னொரு வாடையும் உண்டு. அந்த வேலை அலுத்துவிட்டது, கவனமே தேவையில்லை என்று சொல்வதுபோலவும் கேட்கும். அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது பாராட்டு, தன்னைப் பற்றிச் சொல்லும்போது தம்பட்டம். கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் கவனமில்லாமல் ரிட்டர்ன் போடுகிற ஆளைத் தேடவில்லை. 'வித் மை ஐஸ் க்ளோஸ்ட்', 'வித் ஒன் ஹேண்ட் டைட் பிஹைண்ட் மை பேக்' என்பவற்றுக்கும் இதே விதி.

வேலை கைவந்துவிட்டது என்பதைத் தொடரால் காட்டவேண்டாம், செய்யும் வேலையால் காட்டுங்கள். உதாரணமாக, மாதாந்திர ரிட்டர்ன் போடும் நிறுவனத்துக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (வரிச் சுருக்கம்) போயாக வேண்டும். 'ஐ ஃபைல் போத் ரிட்டர்ன்ஸ் எவ்ரி மந்த் வித்தவுட் சூப்பர்விஷன்' என்று தொடங்குங்கள். அடுத்து, சப்ளையரின் பில் உங்கள் கணக்கில் பதிவாகியிருந்தும், சப்ளையர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் 2பி அறிக்கையில் வராமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். தெரிந்தவர் என்பதை எதிரே இருப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

'தூக்கம்' வரும் இன்னொரு தொடரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'லெட் மி ஸ்லீப் ஆன் இட்' என்றால் ஓர் இரவு யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். சம்பளம் பேசும்போது இது உதவும்.

கேள்வி: 'பீஸ் ஆஃப் கேக்', 'பீஸ் ஆஃப் தி கேக்' – இரண்டும் ஒன்றா? (முலுண்ட் வாசகி)

பதில்: இல்லை. 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிகச் சுலபமான வேலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானப்படையினர் பேச்சில் புழங்கிப் பரவிய தொடர். 'தி' சேர்ந்தால் பங்கு என்றாகிவிடும். லாபத்தில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்கிறவர் 'எ பீஸ் ஆஃப் தி கேக்' கேட்கிறார்.

முதல் தொடர் வேலையைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. ஆகவே உங்கள் சொந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். உதவி கேட்கும்போது 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக் ஃபார் யூ' என்றால், நம் ஊரில் 'உங்களுக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை' என்பது எப்படி விழுமோ அப்படியே விழும். ஐந்து நிமிடத்தில் முடிக்க அவர் எத்தனை வருடம் செலவிட்டார் என்பதை அது துடைத்துப் போட்டுவிடுகிறது.

சுலபமான வெற்றி என்ற பொருளில் 'கேக்வாக்' என்ற சொல்லும் கிரிக்கெட் செய்திகளில் வருகிறது. அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் நடனப் போட்டியிலிருந்து வந்த சொல் அது, பரிசு கேக். அந்த வரலாறு காரணமாகச் சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும்போது நீங்களும் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: புதிதாகச் சேர்ந்தவர் சாஃப்ட்வேரைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். 'ஹி இஸ் லைக் டக் இன் வாட்டர்' என்று மேனேஜருக்கு எழுதினேன். சரிதானே? (அந்தேரி வாசகர்)

பதில்: 'ஹி டுக் டு இட் லைக் எ டக் டு வாட்டர்.' 'டுக் டு' என்ற வினையும் அதற்குப் பிறகு வரும் 'டு வாட்டர்' என்பதும் ஜோடி, ஒன்றை மாற்றினால் தொடர் உடையும். தண்ணீரில் இருக்கும் வாத்தைப் பற்றி இது பேசவில்லை. முதன்முதலாகத் தண்ணீரைப் பார்த்ததுமே இறங்கிவிடும் குஞ்சைப் பற்றிப் பேசுகிறது. அதனால் ஒருவர் புதிதாகக் கற்கத் தொடங்கும் நாட்களுக்குத்தான் பொருந்தும். பத்து வருட அனுபவசாலிக்கு இதைச் சொல்வதில்லை. 'வாட்டர் ஆஃப் எ டக்ஸ் பேக்' முற்றிலும் வேறு: எத்தனை திட்டினாலும் உறைக்காதவர் என்று பொருள். நம் 'எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல்' என்பதற்கு அது நெருக்கம். மேனேஜருக்கு எழுதும் மெயிலில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'இட் இஸ் மை செகண்ட் நேச்சர்' – இதில் என்ன தவறு என்று என் ஆசிரியர் சிவப்பு மை போட்டார்? (வடாலா மாணவி)

பதில்: 'இட் இஸ் செகண்ட் நேச்சர் டு மி' என்பதே வழக்கு. 'மை', 'ஹிஸ்', 'எ' எதுவும் 'செகண்ட்'டுக்கு முன்னால் வருவதில்லை.

இந்தக் கட்டுரையில் வரும் தொடர்களிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்றவற்றில் சில திறமையைப் பிறப்போடு முடிச்சுப் போடும்போது, இது பழக்கம் இரண்டாவது இயல்பாகிறது என்கிறது. பழைய லத்தீன் பழமொழி ஒன்றின் வழித்தோன்றல். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது: 'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்று தொடங்கி, கல்வி மனப்பழக்கம், நடை நடைப்பழக்கம் என்று அடுக்கிவிட்டு, நட்பும் தயையும் கொடையும் மட்டுமே பிறவிக் குணம் என்று முடிக்கிறது. ஓவியமும் மொழியும் அந்தப் பிறவிப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்போது 'செகண்ட் நேச்சர்' என்று சொல்லலாம்? செய்யும்போது யோசிக்கவேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகு. லோக்கல் ரயிலில் தாதர் வரும்போது எந்தப் பக்கம் பிளாட்பாரம் என்று நினைத்துப் பார்க்காமலே கூட்டத்துக்குள் அந்தக் கதவை நோக்கி நகர்கிறீர்களே, அதுதான். ஊரிலிருந்து வந்த முதல் மாதம் அது உங்களுக்கு வந்திருக்காது. ஆகவே 'பிகம்' என்ற வினை இதோடு நன்றாகச் சேரும்: 'ஆஃப்டர் எ இயர் இட் பிகேம் செகண்ட் நேச்சர் டு மி.'

கேள்வி: மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்: 'வன் ஹேண்ட்ஸ் டவுன்' என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததா? (வொர்லி வாசகர்)

பதில்: அங்கிருந்துதான். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பந்தயப் பேச்சு. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஜாக்கியின் கைகளைப் பார்த்தால் உடனே விளங்கும். போட்டி கடுமையாக இருந்தால் இரண்டு கைகளும் குதிரையின் கழுத்தை ஒட்டி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும், கடிவாளம் இறுக்கமாக இருக்கும். பின்னால் வரும் குதிரை வெகுதூரத்தில் இருந்தால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். கைகள் குதிரையின் தோள்மேட்டுக்கு இறங்கும், கடிவாளம் தளரும், குதிரை தன் போக்கில் வெற்றிக் கம்பத்தைக் கடக்கும். கை இறங்கியும் ஜெயித்தார், அதாவது சிரமமே இல்லாமல் ஜெயித்தார் என்பதுதான் தொடர். நீங்கள் கடந்து போகும் அந்த மைதானம் 1883-இல் அமைந்தது, ஏறக்குறைய அந்தத் தொடர் வளர்ந்த நூற்றாண்டே. அவசரப்பட்டுக் கையைத் தளர்த்தி, கம்பத்தருகே பின்னால் வந்த குதிரையிடம் தோற்றுவிட்டால் ஜாக்கிக்கு இன்று தண்டனையும் உண்டு.

பயன்பாடு: போட்டி இருக்க வேண்டும். 'வி வன் ஹேண்ட்ஸ் டவுன்' சரி, 'ஐ குக்ட் ஹேண்ட்ஸ் டவுன்' தவறு. 'வித்' சேர்க்கவும் கூடாது. போட்டியில்லாத இடத்தில் 'ஹேண்ட்ஸ் டவுன் தி பெஸ்ட்' என்று வந்தால் மறுபேச்சில்லாமல் இதுவே சிறந்தது என்று பொருள். மாட்டுங்கா ஃபில்டர் காபியைப் பற்றி அப்படி எழுதலாம்.

கேள்வி: மகன் சிவாஜி பார்க்கில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். 'எஃபர்ட்லெஸ்', 'வித்தவுட் எஃபர்ட்' இரண்டும் ஒரே பொருளா? பள்ளி இதழுக்கு அவன் எழுதிய கட்டுரையில் 'டெண்டுல்கர் பேட்டட் வித்தவுட் எஃபர்ட்' என்று இருக்கிறது. (தாதர் வாசகி)

பதில்: மாற்றச் சொல்லுங்கள். 'எஃபர்ட்லெஸ்லி' என்றால் சிரமம் வெளியே தெரியாமல் ஆடினார். 'வித்தவுட் எஃபர்ட்' சில இடங்களில் அதே பொருளைத் தந்தாலும், 'முயற்சியே எடுக்காமல்' என்றும் படிக்க இடம் கொடுக்கிறது. 'வித்தவுட் மேக்கிங் எனி எஃபர்ட்' என்றால் சந்தேகமே இல்லை, சோம்பேறித்தனமாக ஆடினார் என்றுதான் பொருள்.

இதைவிட நல்ல தொடர் உண்டு: 'ஹி மேட் இட் லுக் ஈஸி.' கடினமான ஒன்றைப் பார்ப்பவர் கண்ணுக்குச் சுலபமாகக் காட்டினார். வேலை கடினம் என்பதும் இதில் இருக்கிறது, ஆள் தேர்ந்தவர் என்பதும் இருக்கிறது. டெண்டுல்கரின் பயிற்சி நடந்ததும் சிவாஜி பார்க்கில்தான். அவர் சோர்ந்திருக்கும் மாலைகளில் பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர் ஸ்டம்ப்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவுட் ஆக்குகிறவருக்கு நாணயம், யாரும் அவுட் ஆக்காவிட்டால் டெண்டுல்கருக்கு. இந்தச் செய்தியைக் கட்டுரையில் சேர்த்துவிட்டு அடுத்த வரியில் 'மேட் இட் லுக் ஈஸி' என்று எழுதினால் அந்தத் தொடருக்கு எடை கிடைக்கும்.

கேள்வி: பிள்ளை நன்றாகக் கணக்குப் போட்டால் 'யூ ஆர் எ ஜீனியஸ்', 'யூ ஆர் எ நேச்சுரல்' என்று சொல்வது நல்லதா? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். (வாஷி பெற்றோர்)

பதில்: இது மொழிக் கேள்வி மட்டுமல்ல. கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குகள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், இன்னொரு பகுதியினரிடம் 'நீ நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான கணக்குகள், எல்லாருமே திணறினார்கள். மூன்றாவதாக, முதலில் கொடுத்த அளவுக்கே சுலபமான கணக்குகள். கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் முதல் முறையைவிடக் குறைவாகப் போட்டார்கள், உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். காரணம் எளிது. சரியாகப் போட்டதற்கு மூளைதான் காரணம் என்றால், தப்பாகப் போனதற்கும் மூளைதானே காரணம்? அங்கே பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை.

வீட்டில் சொல்ல: 'யூ ஸ்டக் வித் இட்', விடாமல் பிடித்தாய். 'யூ ஃபவுண்ட் அனதர் வே', வேறு வழி கண்டுபிடித்தாய். எதைச் செய்தான் என்பது இதில் இருக்க வேண்டும். சும்மா 'குட் எஃபர்ட்' என்று எல்லாவற்றுக்கும் சொன்னால் பிள்ளை சீக்கிரமே அதைக் கேட்காமல் விட்டுவிடும்.

கேள்வி: 'டு தி மேனர் பார்ன்' – எந்த ஸ்பெல்லிங்? (குர்லா வாசகர்)

பதில்: காதுக்கு இரண்டும் ஒன்று. எம், ஏ, இரண்டு என், இ, ஆர் என்றால் 'வழக்கம்'. எம், ஏ, ஒரு என், ஓ, ஆர் என்றால் 'பண்ணை மாளிகை'. மூலம் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், முதல் அங்கம் நான்காம் காட்சி: அரசன் முரசும் எக்காளமும் முழங்கக் குடிப்பதைப் பற்றி, நான் இந்த ஊர்க்காரன், இந்த வழக்கத்தில் பிறந்தவன், ஆனாலும் இதைக் கைவிடுவதே கௌரவம் என்கிறான் ஹாம்லெட். ஆகவே இரண்டு 'என்' உள்ளதே மூலம். பிறவியிலேயே பழகியவர்போல ஒன்றைச் செய்கிறவருக்கு அதை எழுதுங்கள். மாளிகை ஸ்பெல்லிங் 1979-இல் பிபிசி தொடர் ஒன்றின் தலைப்பில் சிலேடையாக வந்து பரவியது, அதில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்ற நிறம் ஏறியிருக்கும். வெறும் பணக்காரப் பிறப்பைச் சொல்ல 'சில்வர் ஸ்பூன்' தொடர் இருக்கிறது, அதற்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: 'டேலன்ட்' என்ற சொல்லும் எங்கள் வேதாகமத்தில் வரும் 'தாலந்து'ம் ஒன்றா? (தாராவி வாசகர்)

பதில்: ஒன்றேதான். கிரேக்க வழக்கில் அது ஒரு எடை, பிறகு அந்த எடையுள்ள பணம். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எஜமான் ஊழியர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒன்று வாங்கியவன் மண்ணில் புதைத்து வைக்கிறான், திரும்பி வந்த எஜமானிடம் திட்டு வாங்குகிறான். கடவுள் கொடுத்த திறமை என்ற பொருள் இந்த உவமைக்கான விளக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் பிறந்தது. 'டோன்ட் பரி யுவர் டேலன்ட்' என்று கேள்விப்பட்டால் மூலம் இதுதான்.

கேள்வி: மூன்று தலைமுறையாக நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பத்தை அறிமுகப்படுத்தும்போது 'இட் இஸ் ரன்னிங் இன் தி ஃபேமிலி' என்றேன். (செம்பூர் வாசகர்)

பதில்: 'இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி.' ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாம் நினைத்தாலும் ஆங்கிலத்தில் நிலையான உண்மைக்கு இந்தக் காலம்தான். இதே தொடரைச் சர்க்கரை நோய்க்கும் சொல்வார்கள் என்பதால் மேடையில் 'மியூசிக் இஸ் இன் தேர் ப்ளட்' என்பது மேல். 'குலவித்தை கல்லாமல் பாகம் படும்' என்ற நம் பழமொழியும் கல்லாமல் வருவது ஒரு பாகம் என்றுதான் சொல்கிறது.

கேள்வி: அப்ரைசல் எழுதுகிறேன். 'நாட் கட் அவுட் ஃபார் சேல்ஸ்', 'ஹேஸ் எ நேக் ஃபார்' – இவை எழுதத் தகுந்தவையா? (தானே, டீம் லீடர்)

பதில்: முதலாவதை எழுதவே வேண்டாம். துணியை அளந்து வெட்டும் தையல் வேலையிலிருந்து வந்தது, இந்த ஆள் இந்த வேலைக்கு வெட்டப்படவில்லை என்று ஒருவருடைய இயல்பின் மேலேயே தீர்ப்பு எழுதுகிறது. படிப்பவருக்குத் திருத்திக்கொள்ள வழியே கிடைக்காது. பிரச்சினை என்ன என்று பாருங்கள்: விசாரித்த வாடிக்கையாளரை மறுபடி அழைப்பதில்லையா? விலை பேசும்போது முதல் கேள்விக்கே தள்ளுபடி கொடுத்துவிடுகிறாரா? 'டஸ் நாட் யெட் ஃபாலோ அப் வித்தின் டூ டேஸ்' என்று எழுதினால் அடுத்த காலாண்டில் அளக்கலாம்.

'நேக்' நல்ல சொல். நாமும் பேச்சில் 'நேக்கா முடிச்சுட்டான்' என்கிறோமே, அந்த லாகவம்தான். 'ஃபார்' என்று முடித்துப் பிறகு வினையை 'இங்' சேர்த்து எழுதுங்கள்: 'எ நேக் ஃபார் காமிங் டவுன் ஆங்ரி கஸ்டமர்ஸ்', கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரை அமைதிப்படுத்தும் லாகவம். ஆனால் கெட்டதோடும் இது சேரும். 'எ நேக் ஃபார் டர்னிங் அப் லேட்' என்பது குத்தல். ஆகவே பின்னால் வரும் வேலை நிச்சயமாக நல்லதாக இருக்கட்டும். இயல்பான திறமை என்ற பொருளில் 'ஃப்ளேர்' என்பதையும் எழுதலாம், ஸ்பெல்லிங்கில் 'ஏ'வுக்குப் பிறகு 'ஐ' வருகிறதா என்று பாருங்கள். அந்த 'ஐ' இல்லாமல் கடைசியில் 'இ' போட்டால் தீச்சுவாலை.

கேள்வி: பால்கனியில் எதை நட்டாலும் பிடிக்கும் மாமியாருக்கு ஆங்கிலத்தில் கைராசி என்பதை எப்படிச் சொல்ல? (நெருல் வாசகி)

பதில்: பிரிட்டிஷ் வழக்கில் 'ஷீ ஹேஸ் கிரீன் ஃபிங்கர்ஸ்', பன்மை, முன்னால் 'எ' இல்லை. அமெரிக்க வழக்கில் 'ஷீ ஹேஸ் எ கிரீன் தம்', ஒருமை, 'எ' உண்டு. செடிக்கு மட்டும்தான். நம் கைராசி மருத்துவருக்கும் போணி செய்பவருக்கும் பொருந்தும், இது பொருந்தாது.

கேள்வி: 'கிஃப்ட் ஆஃப் தி கேப்' – கேப் என்றால் இடைவெளியா? ரெஸ்யூமேயில் போடலாமா? (கல்யாண் வாசகர்)

பதில்: இடைவெளி இல்லை. அந்தச் சொல்லின் கடைசி ஒலி 'பேனா'வின் முதல் ஒலி அல்ல, 'பஸ்'ஸின் முதல் ஒலி. அந்தச் சொல்லுக்குப் பேச்சு, வளவளப்பு என்று பொருள். அயர்லாந்தில் கார்க் அருகே உள்ள ப்ளார்னி கோட்டையில் ஒரு கல்லை முத்தமிட்டால் இந்த வரம் கிடைக்கும் என்று நம்பிக்கை, முத்தமிடுவதற்கு முதுகைப் பின்னால் வளைத்துத் தலைகீழாகத் தொங்கவேண்டியிருக்கும். பிரிட்டிஷ்காரர் 'தி' சேர்ப்பார், அமெரிக்கர் பெரும்பாலும் விட்டுவிடுவார்.

பேச்சுத் திறமை உண்டு, ஆனால் பேச்சில் மயங்கிவிடாதே என்ற எச்சரிக்கையும் இதில் கலந்திருக்கிறது. ஆகவே நண்பரைப் பற்றிச் சொல்லலாம், ரெஸ்யூமேயில் வேண்டாம். அங்கே எத்தனை பேருக்கு முன்னால், எந்த மொழிகளில், எதை விளக்கிப் பேசியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் வாடிக்கையாளரைக் கையாள முடியும் என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.